நம்மாளின் முட்டியும் அப்பாவின் முட்டியும்

அன்று சனிக்கிழமை. மாலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு டிவி முன்னால் இருந்தவர்கள் அப்பா, அவரோடு சுரங்கத்தில் ஒரே கேங்கில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியப்பா, பூதிகோட்டையிலிருந்து ஒரு பை தக்காளியோடு வந்திருந்த அக்கா, நான். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அம்மா, காலையிலேயே கோலாருக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. இன்னொருவன் நம்மாள். இங்கிலாந்தில் நடக்கும் அந்த ஆட்டத்தில், பத்து மாதத்துக்குப் பிறகு அவன் இறங்குவதைப் பார்க்கத்தான் நாங்கள் கூடியிருந்தோம். அவன் இறங்கப்போவதில்லை என்பது ஐந்து மணியிலிருந்தே எனக்குத் தெரியும். மற்ற மூவருக்கும் தெரியாது.

நம்மாள் ஒரு பிரேசில்காரன். முன்வரிசையில் நின்று கோல் போடுகிறவன். நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, போர்ச்சுகலில் ஒரு கடலோர ஊரின் சின்ன அணிக்கு வந்து சேர்ந்தான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. அவனைப் பற்றி ஏதோ ஓர் ஆங்கிலச் செய்தியில், அவன் பிறந்த ஊரைச் சுற்றிச் சுரங்கங்கள் இருக்கின்றன என்று ஒரு வரி வந்திருந்தது. அதை நான் வீட்டில் படித்துச் சொன்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது. ஒரு வாரத்துக்குள் எங்கள் சுரங்க லைன் வீடுகள் முழுக்க அவன் சுரங்கத்தொழிலாளி மகன் ஆகிவிட்டான். அவனுடைய அப்பா என்ன வேலை பார்த்தார் என்று அதற்குப் பிறகும் எந்தச் செய்தியிலும் நான் படித்ததில்லை. தேடியும் பார்த்திருக்கிறேன். கிடைக்கவில்லை. கிடைக்காததை யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான்தான். அக்கா ஐந்தாவதோடு நின்றாள். அப்பா தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆகவே அவனுடைய செய்தியெல்லாம் என் வாய் வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது. காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது போனில் படிப்பேன். சாயங்காலம் வந்து சொல்வேன். கைகால் கழுவுவதற்குள் அப்பா கேட்டுவிடுவார்.

"நம்மாளு எங்க கீறான் இப்ப?"

போர்ச்சுகலில் இரண்டு வருஷம் ஆடினான். பிறகு ஹாலந்து. அங்கே பனியில் கையுறை போட்டுக்கொண்டு ஆடினான். அதைப் பார்த்து அக்கா, "கால்ல ஆடற ஆட்டத்துக்குக் கையில இன்னாத்துக்கு ஒறை?" என்றாள். ஹாலந்தில் அவன் போட்ட கோல்கள்தான் அவனை இங்கிலாந்துக்குக் கொண்டுபோயின. பெரிய கிளப், பெரிய தொகை. நான் அதை ரூபாயில் மாற்றிச் சொன்னபோது, பெரியப்பா சைபர் எத்தனை என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அவன் மேலே மேலே போகிறான் என்று நான் சொல்வேன். அப்பாவுக்கு அது வேறு மாதிரி. "போர்ச்சுகல் மேல் லெவலு. ஹாலந்து நடு லெவலு. இப்பதான் அடி லெவலுக்கு எறங்கியிருக்கான்" என்பார். சுரங்கத்தில் ஆழம் போகப் போகக் கூலி கூடும், சூடும் கூடும், காற்று குறையும். இங்கிலாந்தில் அவனை முதல் ஆறு மாதம் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார வைத்தபோது எனக்குக் கோபம் வந்தது. அப்பாவுக்கு வரவில்லை. "புது ஆளு. சூடு பழகட்டும்" என்றார்.

அப்பா எட்டு வருஷம், கேஜ் என்று சொல்லும் இரும்புக் கூண்டில் ஏறி நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். சுரங்கத்தை மூடுவதற்கு முந்தின வருஷம் மேல்பாறையிலிருந்து ஒரு கல் பெயர்ந்து அவருடைய வலது முட்டியில் விழுந்தது. வெடி வைத்த இடத்துக்குள் ஆட்கள் போவதற்கு முன்னால், கேங்கில் மூத்தவர் முதலில் போய்க் கடப்பாரையால் மேல்பாறையைத் தட்டிப் பார்ப்பார். கணீரென்று கேட்டால் பாறை கெட்டி. பொத்தென்று கேட்டால் பிடிப்பு விட்டிருக்கிறது என்று அர்த்தம். அன்று தட்டிப் பார்த்தவர் பெரியப்பா. "கணீர்னுதான் கேட்டுது" என்று இன்றும் சொல்வார், யாரும் கேட்காமலே. அப்பா அதற்குப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் நம்மாள் ஆடுகிற எந்த ஆட்டத்துக்கும் அப்பாவின் பக்கத்தில் பெரியப்பா இல்லாமல் இருந்ததில்லை.

அந்த முட்டி இருபது வருஷம் எப்படியோ ஓடியது. அப்பா பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல் வேலை பார்த்தார். கடைசியில் ரயில் படி ஏற முடியவில்லை, பன்னிரண்டு மணி நேரம் நிற்கவும் முடியவில்லை. சூப்பர்வைசர், "காலைச் சரி பண்ணிக்கிட்டு வாங்க, எடம் இருக்கும்" என்று நல்லபடியாகத்தான் சொல்லி அனுப்பினார். டாக்டர் முட்டியை மாற்ற வேண்டும் என்றார். அப்பா முடியாது என்றார். கத்தி பட்ட கால் அப்புறம் கால் இல்லை என்பது அவர் எண்ணம். எங்கள் லைனிலேயே காலை இழுத்து இழுத்து நடந்த இரண்டு பேரை அவர் பார்த்திருக்கிறார். அம்மா கெஞ்சினார், திட்டினார், பேசாமல் இருந்தார். எதற்கும் அப்பா அசையவில்லை. அம்மாவின் தையல் கூலியிலும் என் சம்பளத்திலும் வீடு நடந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஐரோப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கிலாந்தில் இரண்டாவது சீசன் பாதி தாண்டியபோது நம்மாளின் முட்டி போனது. யாரும் அவன்மேல் மோதவில்லை. ஓடிப்போய்த் திரும்பினான், விழுந்தான், புல்லைக் கையால் தட்டினான். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். அடுத்த வாரம் ஆபரேஷன் முடிந்த செய்தியை நான் வீட்டில் படித்தேன்.

"கத்தி வெச்சாங்களா?" என்றார் அப்பா.

"வெச்சாங்க."

"மறுபடி ஓடுவானா?"

"ஒம்பது பத்து மாசத்துல ஓடுவான்னு போட்டிருக்கு."

"யாரு சொன்னது?"

"டாக்டர்."

"டாக்டரா ஓடப் போறாரு?"

நீட்டியிருந்த காலைத் தடவிக்கொண்டார். பிறகு, "சரி. அவன் எறங்கட்டும். அப்பறம் நான் போறேன்" என்றார்.

அவனுக்குப் போனது முட்டிக்குள் இருக்கும் ஒரு நார், உங்களுக்குத் தேய்ந்தது மூட்டே, இரண்டும் வேறு வேறு ஆபரேஷன் என்று நான் படம் போட்டு விளக்கினேன். "ரெண்டும் முட்டிதான?" என்றார். அம்மா சமையல்கட்டிலிருந்து வெளியே வந்தார். "சொல்லு. இன்னொரு தபா சொல்லு. இவங்க ரெண்டு பேரும் கேட்டுனு கீறாங்க" என்றார், என்னையும் அக்காவையும் காட்டி. அப்பா இன்னொரு தடவை சொன்னார். அதன் பிறகு அந்தப் பிரேசில்காரனுக்காக அம்மா புத்தர் படத்தின் முன்னால் ஊதுவத்தி ஏற்றியதை நான் பார்த்திருக்கிறேன். அவன் பெயரை அவரால் சரியாகச் சொல்ல வராது. "அந்தப் பையன்" என்றே வேண்டிக்கொள்வார்.

பத்து மாதமும் நான் செய்தி சொன்னேன். இன்றைக்குத் தண்ணீரில் நடந்தான். இன்றைக்குச் சைக்கிள் மிதித்தான். இன்றைக்குப் புல்லில் நேராக ஓடினான், திரும்பவில்லை. அவன் காலை நீட்டி மடக்கும் ஒரு வீடியோ வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அப்பாவும் நாற்காலியில் காலை நீட்டி மடக்கினார். அவர் செய்வது அவருக்கே தெரிந்திருக்காது. நான் போனை அசைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு, அவன் பெஞ்சில் இருக்கலாம் என்று கோச் சொன்னதாகச் செய்தி வந்தது. இருக்கலாம் என்றுதான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து, "சனிக்கிழமை எறங்கறான்" என்றேன். அம்மா அன்றே முடிவு செய்துவிட்டார். அரசுக் காப்பீட்டு அட்டையில் பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்ய, கோலார் மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வேண்டும். சனிக்கிழமை காலை அப்பாவின் எக்ஸ்ரேக்களை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

ஐந்து மணிக்கு இரு அணிகளின் பெயர்ப் பட்டியலும் போனில் வந்தது. பதினொரு பேரில் அவன் இல்லை. பெஞ்சிலும் இல்லை. முட்டியில் வீக்கம் என்று கீழே ஒரு வரி. நான் வாசலில் நின்று அதை மூன்று முறை படித்தேன். அப்போது பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"பேரு வந்துதாடா?"

"இன்னும் வரல பெரியப்பா."

அதை யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு திருப்பி எடுக்கவும் இல்லை.

ஆட்டம் தொடங்கியது. பெரியப்பா பீடியைப் பற்றவைக்காமல் விரலில் வைத்திருந்தார். அக்கா தக்காளியில் நசுங்கியதைப் பிரித்தபடி, "எந்த நம்பருடா அவனுது? ஒம்பது தான? ஒம்பதக் காணமே" என்றாள்.

"மொதல்லயே எறக்க மாட்டாங்க. செகண்ட் ஹாஃப்லதான்" என்றார் பெரியப்பா, கோச்சுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி.

இருபதாவது நிமிஷம் பந்து வெளியே போனபோது கேமரா மேலே பார்வையாளர் பக்கம் திரும்பியது. நம்மாள் அங்கே உட்கார்ந்திருந்தான். கறுப்பு நிறத்தில் நீளமான கோட்டு, கழுத்தைச் சுற்றித் துணி, கையில் ஒரு காகிதக் கோப்பை. காலை முன்னால் நீட்டி வைத்திருந்தான், அப்பா நீட்டி வைத்திருந்த மாதிரியே.

அக்கா என்னைப் பார்த்தாள். பெரியப்பா பீடியைக் காதில் செருகினார்.

"கோட்டு நல்லாகீது" என்றார் அப்பா.

"நிறுத்திடட்டா?" என்றேன்.

"இன்னாத்துக்கு? ஷிஃப்டு முடியட்டும்."

முழு ஆட்டமும் பார்த்தோம். யார் ஜெயித்தார்கள் என்பது எனக்கு நினைவில்லை. எட்டரை மணிக்கு அம்மா வந்தார். செருப்பைக் கழற்றும்போதே எங்கள் முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். பையிலிருந்து கடிதத்தை எடுத்து, புத்தர் படத்துக்குப் பின்னால் செருகினார்.

"வியாழக்கெழம காலையில எட்டு மணிக்கு பெங்களூர் ஆஸ்பத்திரியில இருக்கணும். போவலன்னா மறுபடி மொதல்லேருந்து. நாலு மாசமோ ஆறு மாசமோ அவங்களே சொல்ல மாட்டறாங்க."

"அவன் எறங்கல" என்றார் அப்பா.

"தெரியுது."

"அவன் எறங்கட்டும்னுதான சொன்னேன்."

"அவன் எறங்கறதுக்கு நீ இன்னாயா கேஜ் ஓட்டறவனா? மணி அடிச்சி எறக்கிவுடப் போறியா?"

பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமல் மாதிரி மாற்றிக்கொண்டு எழுந்து போனார். அம்மா சிரிக்கவில்லை. நாள் முழுவதும் வரிசையில் நின்ற கால்களை நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அக்கா ஊற்றிக் கொடுத்த தேநீரைக் கையில் வாங்கி, குடிக்காமலே வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா டிவி பக்கமே வரவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஆட்டத்தை நான் வீட்டுக்குள் கொண்டுவராமலே இருந்திருக்கலாம் என்று அன்று நினைத்தேன். செய்தி படிக்கத் தெரிந்தவன் என்று என்னை நம்பினார்கள். இருக்கலாம் என்று எழுதியிருந்ததை நான் இறங்குகிறான் என்று சொன்னேன். இல்லை என்று எழுதியிருந்ததை வரவில்லை என்று சொன்னேன்.

திங்கட்கிழமை விடியற்காலை, ரயிலுக்குக் கிளம்ப நான் ஷூ போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"ஒனக்கு முன்னாடியே தெரியும் இல்ல?"

"தெரியும்ப்பா."

"எத்தினி மணிக்கி?"

"அஞ்சு மணிக்கி."

"தெரிஞ்சா கத்தணும். தட்டிப் பாக்கறவன், பாறை பொத்துன்னுதுன்னா கத்தணும். மனசு கஷ்டப்படும்னு வாய மூடினு இருந்தா, பின்னாடி வர்றவன் தலையிலதான் வுழும்."

"தப்புதான்ப்பா."

நான் இன்னொரு ஷூவைப் போட்டேன்.

"நானும் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றார். "அவனுக்கு எத்தினி வயசு?"

"இருபத்தி நாலு."

"எனக்கு?"

"அம்பத்தி நாலு."

"வெடி வெச்ச எடத்துக்கு சின்னவன அனுப்பிட்டு, பெரியவன் நான் பின்னால நின்னுனு கீறேன். பத்து மாசமா. எந்த கேங்குலடா இப்படி நடக்கும்? மூப்பன்தான மொதல்ல போயி தட்டணும்?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வியாழக்கெழம லீவு போடு" என்றார்.

அவனுக்கும் இவருக்கும் ஒரே கேங் இல்லை, அவன் இவரைக் கேள்விப்பட்டதுகூட இல்லை, இவர் போனால் அவன் முட்டி வீக்கம் வடியாது என்று சொல்ல எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது. நான் படித்தவன். ஆனாலும் சொல்லவில்லை. அது கத்த வேண்டிய இடம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. ரயிலில் ஏறியதும் ஆபீசுக்கு லீவு கேட்டு எழுதினேன்.

வியாழக்கிழமை அம்மா, நான், பெரியப்பா மூவரும் கூடப் போனோம். பெரியப்பாவை யாரும் கூப்பிடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனில் முன்னாலேயே நின்றிருந்தார். பெங்களூரில் டாக்டர், வயதில் என்னைவிட நான்கைந்து வருஷம்தான் பெரியவர், அப்பாவைப் படுக்க வைத்து முட்டியைச் சுற்றி விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு ஒரு சின்ன ரப்பர் சுத்தியால் தட்டினார். அப்பா பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"தட்டறாரு பாத்தியாணா?"

"தட்டட்டும். நல்லா தட்டட்டும்" என்றார் பெரியப்பா.

டாக்டர் மேல் அப்பாவுக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போடச் சொன்ன எல்லா இடத்திலும், என்ன ஏது என்று கேட்காமல் போட்டார்.

மறுவாரம் ஆபரேஷன். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்களாம். விழித்தபடியே கிடந்திருக்கிறார். வார்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா குனிந்து, "வலிக்குதா?" என்றார். அப்பா அதற்குப் பதில் சொல்லாமல் பெரியப்பாவைத் தேடினார்.

"உள்ள டிரில்லு ஓடுதுணா. ரம்பம் ஓடுது. அப்பறம் சுத்தியால அடிக்கிறாங்க, டங்கு டங்குன்னு. அல்லாம் நம்ம வேலதான். டஸ்ட்டு மட்டும் கம்மி."

பெரியப்பா கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சத்தம் எப்படிடா கேட்டுது?" என்றார்.

"கணீர்னு கேட்டுதுணா" என்றார் அப்பா.

பெரியப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு காபி வாங்கப் போனார். போனவர் வர வெகுநேரம் ஆயிற்று.

முதல் பதினைந்து நாள் கஷ்டம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸ் வரை போய் வருவதற்குள் வியர்த்துவிடும். அப்பா அம்மாவைத் திட்டினார். அம்மா திருப்பித் திட்டினார். பயிற்சி சொல்லிக் கொடுக்கும் பெண் கன்னடத்தில் எண்ணுவாள். அவள் பத்து என்று சொல்வதற்குள் அப்பாவும் கன்னடத்திலேயே, போதும் என்று, "சாக்கு மேடம், சாக்கு" என்பார். அந்த நாட்களில் நம்மாளைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் கேட்டால் சொல்வோம் என்று இருந்தேன்.

இங்கிலாந்துக் கிளப் அவனைத் திரும்ப எடுக்கவில்லை. இத்தாலியில் இரண்டாம் டிவிஷனில் இருக்கும் ஓர் அணிக்கு சீசன் முடியும் வரை அனுப்பிவைத்தது. அதை நான் உள்ளது உள்ளபடி சொன்னேன். பழைய இடம் போய்விட்டது, இது சின்ன அணி, ஆட வைப்பார்களா என்று தெரியாது என்றேன். அப்பா தலையசைத்தார். "மேல் லெவலுக்கு மாத்திட்டாங்க. போவட்டும். காத்து வரும்" என்றார்.

வசந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்குச் சாயங்காலம், மைதானத்தின் எல்லைக்கோட்டுக்கு வெளியே கையைக் காலை உதறிக்கொண்டு அவன் நின்றான். எழுபத்து நான்காவது நிமிஷம் இறங்கினான். அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் இருந்தோம், அம்மா உட்பட. அம்மா அவனை டிவியில் ஒழுங்காகப் பார்த்தது அன்றுதான். "இவ்ளோ ஒல்லியாவா கீறான்? சாப்ட மாட்டானா?" என்றார். அவன் கோல் போடவில்லை. இரண்டு தடவை பந்தைத் தொட்டான். ஒரு தடவை, இங்கிலாந்தில் விழுந்த அன்று போலவே வேகமாக ஓடிப்போய் வலது காலை ஊன்றித் திரும்பினான். விழவில்லை. அப்பா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் போலும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நிற்க வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்ததால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நின்றபடியே கடைசி வரை பார்த்தார்.

"ஊணறான்" என்றார்.

அதன் பிறகு அவன் ஐரோப்பாவில் அதிக நாள் இருக்கவில்லை. இத்தாலியில் அந்த சீசனை முடித்தான், நான்கு கோல் போட்டான், சொந்த நாட்டுக்குத் திரும்பி அங்கே ஒரு கிளப்பில் சேர்ந்துகொண்டான். சின்னச் செய்திதான். படங்கூடப் போடவில்லை. அப்பா மறுபடி காவல் வேலைக்குப் போகிறார்; இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை உட்காரலாம் என்று நாற்காலி போட்டிருக்கிறார்கள். காலையில் நானும் அவரும் ஒரே ரயில். அவர் என் கையைப் பிடிக்காமல் படி ஏறுகிறார், இடது காலை முதலில் வைத்து.

வேலைக்குப் போன முதல் மாதம் அம்மா, முட்டிக்கு ஆன செலவை எழுதச் சொன்னார். ஆபரேஷனுக்கும் உள்ளே வைத்த மூட்டுக்கும் காப்பீட்டு அட்டையிலேயே போய்விட்டது. மிச்சத்தை அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். மருந்து, வாக்கர், கட்டுத்துணி, ஆட்டோ, மூன்று பேர் பெங்களூரில் சாப்பிட்டது. கூட்டிச் சொன்னேன். அப்பா வாசலில் ஷூவைத் துடைத்துக்கொண்டே, விளையாட்டுச் சேனலுக்கு ஒரு வருஷம் கட்டியதையும் அதில் சேர்க்கச் சொன்னார். அது எப்படி இதில் வரும் என்று அம்மா கேட்டார். "அதுவும் முட்டிக்குத்தான்" என்றார். சேர்த்தேன். மொத்தம் பதினேழாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.